கொல்லையில் முளைத்த குடை

சென்ற ஐப்பசி அடைமழைக்குப் பின், நம் கொல்லையில் முறமளவு வெண்காளான்கள் கொத்தாக எழுந்தன. அடுக்களையில் குழம்புக்குப் புளியும் கரைத்தாயிற்று. நாம் தடுத்தோம். ஒரு குடையைக் கறுப்புக் காகிதத்தின்மீது இரவு முழுதும் கவிழ்த்து வைத்தோம். பச்சைத்தூள் உதிர்ந்தால் நச்சுக்காளான்; விடியலில் கண்டதோ வெண்தூள். கொத்தாக எழுவதும் வெண்தூள் உதிர்ப்பதும் கல்கத்தாவின் ராட்சதக் காளானுக்குரிய லட்சணங்கள். 1912-இல் அதற்குச் சாஸ்திரப் பெயரிட்டவர் மாஸ்ஸீ என்னும் ஆங்கிலேயர். நம் மண்ணில் முளைத்ததற்கு அந்நியர் பெயரிட்டது குறையன்று; நாம் ஆராயாதிருப்பதே குறை. எனினும், கொல்லும் காளான்களிலும் வெண்தூள் உதிர்ப்பவை உண்டு. ஆதலின், ஒன்றை விவசாயக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, கரைத்த புளியை ரசமாக்கி உண்டோம். குழந்தைகளின் முகவாட்டம் ஒருநாள் துன்பமே.