கடலில்லா ஊரின் ஓடம்

சுவிட்சர்லாந்து போனால் பனிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், சகோதரிகளே! ஸெயின்ட் காலன் நகருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கடலே இல்லாத அந்த நாட்டில், பழைய வியாபார மாளிகை ஒன்றுக்கு 'ஓஷியானிக்' என்று பெயர்! கடல் கடந்து விற்ற பூவேலைத் துணியின் பெருமை அது.

பருத்தித் துணியில் பூப்போட்ட அந்தக் காலத்துக் கை யந்திரத்தில், ஓர் ஆள் சித்திரத்தின் கோட்டைக் கம்பியால் தொட்டுக்கொண்டே போவார். நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே சமயத்தில் அதே பூவைத் தைக்கும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் நூல் தீரத் தீர அத்தனை ஊசிக்கும் யார் கோப்பது? வீட்டுப் பெண்களும் குழந்தைகளுந்தான். பள்ளிக்கூடம் போகுமுன்னும், வந்த பின்னும்!

1863-இல் ஐஸாக் கிரோப்ளி என்பவர், தையல் மிஷின் போல இரட்டை நூலில் ஓடும் யந்திரம் கண்டார். 'ஷிஃப்லி' என்று பெயர். சிறு ஓடம் என்று அர்த்தம். தறியில் ஓடுவதை நாமும் ஓடம் என்கிறோமே! நூல் கண்டிலிருந்தே வந்ததால் கோக்கும் வேலை குறைந்தது. ஆனாலும் கை யந்திரங்கள் உடனே ஒழியவில்லை. குழந்தைகள் இன்னும் பல வருஷம் ஊசி கோத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.