பலத்திலிருந்து நீக்கப்பட்டவர்

எமது அம்மான் இரண்டாவது உலகப் போரின்போது பிரித்தானியப் படையில் லொறி ஓட்டியவர். வடமராட்சியிலே பிறந்து, 1941இல் படையிற் சேர்ந்து, எகிப்திய மணலிலே இளமையைக் கழித்து, 1946இல் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த ஊதியப் புத்தகம் றங்குப்பெட்டியின் அடியில் நெடுங்காலம் கிடந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே பெட்டியும் போயிற்று, புத்தகமும் போயிற்று. குடும்பத்திலே எஞ்சியது ஒரு மனக்குறை மட்டுமே.

1943இலே ஏழு மாதங்கள் அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. "எகிப்தைக் கண்டவுடனை என்ர பிள்ளை என்னை மறந்து போனான்" என்று ஆச்சி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி அழுதாளாம். திரும்பி வந்த மகன் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆச்சி அந்தக் குறையோடேயே கண்மூடினாள். பின்னர் அம்மானும் மறைந்தார்.

அண்மையில் உறவுப் பிள்ளைகள் விண்ணப்பித்துப் பெற்ற அவரது சேவைப் பதிவின் பிரதி எம் கைக்கு வந்தது. இரண்டே தாள்கள். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர் நாம். ஆயினும் அத்தாள்களில் முழுச்சொற்கள் ஐந்தாறைத் தவிர வேறெதுவும் எமக்கு விளங்கவில்லை. அரிசி மூடைகளிலே குத்தப்படும் முத்திரைகளைப் போல எழுத்துகள் வரிவரியாக நின்றன.

முதலில் எம்மைத் திடுக்கிட வைத்தது படிவத்தின் தலைப்பு. பி. 103 எனும் அப்படிவத்தில் 'கசுவல்ற்றி' என்ற சொல் இருந்தது. அம்மான் காயப்பட்டாரோ என்று பதறினோம். ஆனால் படைக் கணக்கிலே அச்சொல் காயத்தையும் மரணத்தையும் மட்டும் குறிப்பதன்று. இடமாற்றம், பதவி உயர்வு, வைத்தியசாலை அனுமதி ஆகிய யாவும் அங்கே 'கசுவல்ற்றி'தான்.

அடுத்து வந்தது 'எஸ்.ஓ.எஸ்.' ஆபத்திலே கப்பல் எழுப்பும் அபயக் குரல் என்றான் வீட்டுச் சிறுவன். 'பலத்திலிருந்து நீக்கப்பட்டார்' என்பதே அதன் விரிவு என அறிந்தபோது, படையிலிருந்து துரத்தப்பட்டார் என நாம் முடிவுகட்டினோம். அதுவும் பிழையே. பலம் என்பது ஒரு பிரிவின் ஆட்கணக்கு. ஓரிடத்துக் கணக்கிலே கழிக்கப்பட்ட ஆள் இன்னோரிடத்திலே 'டி.ஓ.எஸ்.', அதாவது பலத்திற் சேர்க்கப்பட்டார், என ஏறுவார். ஒரு வரியை அதன் திகதியோடும் அடுத்த வரியோடும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் பிறக்கும். தனி எழுத்து ஏமாற்றிவிடும் என்ற பாடத்தை அன்று கற்றோம்.

எழுத்து ஏமாற்றுவதற்கு இன்னுமோர் உதாரணம் இரண்டாம் தாளில் இருந்தது: '7 நாள், சி.பி.' கையிலிருந்த அகராதியைப் புரட்டினோம். 1725இலே முதலாம் ஜோர்ஜ் மன்னன் நிறுவிய 'பாத்' விருது வரிசையின் மூன்றாம் தரத்தார் தம் பெயருக்குப் பின்னால் இட்டுக்கொள்ளும் எழுத்துகள் அவை என்றிருந்தது. எமது அம்மானுக்கு மன்னரின் விருதா! முன்வரியிலே விடுப்பின்றி ஒருநாள் வராதிருந்த குற்றம் பதிவாகியிருந்ததைக் கண்ட பின்னரே உண்மை வெளித்தது. சாதாரணச் சிப்பாய்க்கு அதே இரண்டெழுத்தின் பொருள் பாசறைக் காவல். தளபதியின் மார்பிலே பதக்கமாவது லொறிச் சாரதியின் முதுகிலே தண்டனையாகிறது. வர்க்கத்தைப் பற்றி நாம் வகுப்பறையிலே பேசிய பேச்செல்லாம் இந்த இரண்டெழுத்துக்கு ஈடாகுமா? வீரத்துக்கும் அங்கே இரண்டு அளவைகள் இருந்தன. 1914இலே ஏற்பட்ட எம்.சி. அதிகாரிகளின் பதக்கம்; 1916இலே ஏற்பட்ட எம்.எம். 'ஏனைய தரத்தார்' எனப்பட்ட சாதாரணரின் பதக்கம். இப்பிரிவினை 1993 வரை நீடித்தது.

கடைசியாக நாம் விடுவித்தது 'பி.யு.ஓ.' காரணம் அறியப்படாத காய்ச்சல் என்பது அதன் விரிவு. முதலாம் உலகப் போரிலே பதுங்குகுழிக் காய்ச்சலுற்ற பல்லாயிரவர் இந்த மூன்றெழுத்துள் அடக்கப்பட்டனர். அப்போரிலே, குண்டதிர்ச்சியால் மனம் உடைந்தவர்களுக்கும் 1917இலே 'என்.வை.டி.என்.' என்றொரு குறி வகுத்தார்கள்: இன்னும் நிர்ணயிக்கப்படாத நரம்புக் கோளாறு. வேதனைக்குப் பெயரிட விரும்பாத நிர்வாகத்துக்கு எழுத்துகள் எவ்வளவு வசதியானவை!

'பி.யு.ஓ.'வை அடுத்துப் பொது வைத்தியசாலை, அதன்பின் பலத்திலிருந்து நீக்கம், பிரிவைவிட்டு வைத்தியசாலை முதலியவற்றிலே இருப்போரின் 'எக்ஸ்' பட்டியல், தேறுவோர் முகாம், மீண்டும் வைத்தியசாலை, ஈற்றிலே புதியதொரு பிரிவு. திகதிகளைக் கூட்டிப் பார்த்தோம். ஆச்சி கடிதத்துக்குக் காத்திருந்த அதே ஏழு மாதங்கள்!

நாம் அவ்விரண்டு தாள்களையும் தமிழிலே முழுச்சொற்களாக எழுதினோம். அவை ஆறு பக்கங்களாயின. தொண்ணூறு வயதைக் கடந்த சின்னம்மாவுக்கு, அம்மானின் கடைசித் தங்கைக்கு, அவற்றை வாசித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "காய்ச்சலெண்டு ஒரு வரி எழுதியிருக்கலாமே, தம்பி" என்றார்.

அதற்கு அத்தாள்களிலே பதில் இல்லை. தாய் பயப்படுவாள் என்று எண்ணினாரோ, எழுதக் கை ஏவவில்லையோ? ஓர் ஆளை எங்கே கழித்தோம், எங்கே கூட்டினோம் என்பதே ஏகாதிபத்தியத்தின் கணக்கு. அவர் யாருக்கு மகன் என்பதற்கு அப்படிவத்திலே நிரல் இல்லை. அந்த நிரலை எழுதவேண்டியவர்கள் நாமே. உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய தாள்கள் கிடக்கலாம். அவற்றின் எழுத்துகளை விரித்து எழுதுங்கள். பொருளைச் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எமது ஆச்சிக்குச் சொல்லவேண்டிய பதிலை நாம் எண்பது ஆண்டுகள் பிந்தியே கண்டுபிடித்தோம்.