எதைப் படிப்பது?

புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் நூல்களில் எவற்றைப் படிப்பது என்பது எளிய வினாவாகவே தோன்றும். ஆனால் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைத் தந்தவராகவும், நமக்கு வாய்த்த காலம் ஒரு கோடை விடுமுறை மட்டுமாகவும் இருந்தால், அவ்வினா கடினமாகிவிடுகிறது. சென்ற கோடையில் எங்கள் வடலூர் வீட்டில் எழுந்த வினா அது. எழுத்தாளர் சுஜாதா.

என் மகள் வயிற்றுப் பேத்தி பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டுக் கணினிப் பொறியியல் பயிலக் காத்திருந்தாள். எனக்கோ கண்ணொளி மங்கிவிட்டது. எனவே மஃரிபுக்குப் பின் இஷா வரை அவள் உரக்கப் படிப்பதென்றும், வீட்டார் அமர்ந்து கேட்பதென்றும் ஏற்பாடு. “எதைப் படிப்பதென்று நீங்களே சொல்லுங்கள், நன்னா” என்றாள். “ஐந்து நூல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அத்தா, அவள் கல்லூரிக்கும் ஆயத்தமாக வேண்டும்” என்று என் மகள் வரம்பு கட்டினாள்.

ரங்கராஜன் என்னும் இயற்பெயரை விட்டுத் துணைவியாரின் பெயரைப் புனைபெயராக ஏற்ற சுஜாதா (1935–2008), எந்திரங்களை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர். வார இதழ்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்து எழுதியவர் ஆதலால், அவருடைய நூல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் எந்திரப் பராமரிப்பில் காலம் கழித்த எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. மண்ணை மலையாக அகற்றிய பின்னரே அங்கே பழுப்பு நிலக்கரி தென்படும்.

நான் கொண்ட அளவுகோல் ஒன்றே. வியப்பை மட்டும் தந்து முடிகிற கதை வேண்டா. எந்திரத்தை ஆள்பவன் யார் என்று கேட்கவைக்கும் கதை வேண்டும்.

அவ்வகையில் முதலிடம் ‘என் இனிய இயந்திரா’வுக்கு. ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்து, பின்னர்த் தொலைக்காட்சியிலும் இடம்பெற்ற கதை. நிலா என்னும் பெண்ணுக்குக் குழந்தை பெற அரசு அனுமதி வழங்குவதில் தொடங்குகிறது. ஜீனோ என்னும் எந்திர நாய் மனிதரினும் தெளிவாகச் சிந்திக்கிறது. மக்களோ சிந்திப்பதையே மறந்து ஒரு தலைவரை வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டை எட்டாத் தொலைவாக எண்ணி எழுதப்பட்ட அக்கதை, அவ்வாண்டும் கடந்த பின்னரே எங்கள் கூடத்தில் படிக்கப்பட்டது. இப்படியும் ஒரு நாடு இருக்குமா என்று எவரும் சிரிக்கவில்லை. அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ இரண்டாவதாயிற்று.

கணிப்பொறியின் கட்டளைக்கு உட்பட்டு மக்கள் வாழும் ‘சொர்க்கத் தீவு’ மூன்றாவது. நான்காவதாக, ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் ஐயங்களுக்கு அவர் விடையளித்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’. வினா விடையாக அறிவைப் பரிமாறுவது நமக்குப் புதிதன்று. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிரம் மசலா’வும் அம்முறையில் அமைந்ததே.

ஐந்தாவதாகச் சிறுகதைத் தொகுப்பொன்று. அதில் ‘நகரம்’ இருக்க வேண்டும் என்றேன். “அது விஞ்ஞானக் கதை அன்றே” என்றாள் பேத்தி. ஆம், நோயுற்ற மகளைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைத் தாய் ஒருத்தி, அறைக்கு அறை அலைக்கழிக்கப்படும் கதைதான். அங்கே மருத்துவ அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் அது அந்தத் தாயைச் சென்றடையவில்லை. நாளை எந்திரங்களுக்குக் கட்டளை எழுதப்போகும் பெண் எல்லாவற்றுக்கும் முன்னர் அறிய வேண்டிய செய்தி இதுவே என எண்ணினேன். அன்றிரவு அவள் குரல் இருமுறை நின்று தொடர்ந்தது. என் மகள் அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியிலேயே அமர்ந்துவிட்டாள்.

‘கொலையுதிர் கால’த்தை நான் சேர்க்கவில்லை. பேயா, அறிவியலா என்று கணேஷும் வசந்த்தும் மோதும் அக்கதை சுவையானதே. எனினும் வசந்த்தின் கேலிகள் சில, பெரியவரும் சிறுவரும் கூடியிருந்து கேட்கத்தக்கன அல்ல. தனியே படிக்க அவளுக்குத் தடையில்லை. கூடத்தில் படிப்பது வேறு, தனிமையில் படிப்பது வேறு.

ஐந்தும் முடிந்ததும் அவள், “பெண்கள் யாரும் இப்படி எழுதவில்லையா?” என்று கேட்டாள். வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் என்னும் முஸ்லிம் பெண்மணி, கதிரவனின் வெப்பத்தைப் பயன்படுத்தி, வானூர்தியில் பறந்து, பெண்களே ஆளும் நாடொன்றைக் கற்பனை செய்து ‘சுல்தானாவின் கனவு’ எழுதினார். அது 1905இல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து நடந்த ஓர் ஆங்கில மாத இதழில்தான். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் படர்ந்த மலர்ச்சியைச் சுஜாதாவின் எந்தத் திருப்பமும் தந்ததில்லை. ஆறாவது நூலுக்கு என் மகளும் மறுப்புச் சொல்லவில்லை.

பிள்ளைகள் கதை படிப்பதைக் காலக்கேடு என எண்ணும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுரங்கத்திலே மண்ணை அகழும் இராட்சத எந்திரத்துக்கு மண் எது, கரி எது என்று தெரியாது. அதன்மேல் அமர்ந்திருப்பவனுக்குத் தெரிந்தாக வேண்டும். எந்திரத்தை இயக்கும் கல்வியைக் கல்லூரி தரும். எதற்காக இயக்குகிறோம் என்னும் கேள்வியை இத்தகைய கதைகள் தரும். ஆதலின் பிள்ளைகளுக்கு ஐந்து நல்ல நூல்களை ஆராய்ந்து கொடுங்கள். கொடுப்பதோடு நில்லாமல், உடன் அமர்ந்து கேளுங்கள்.