மாவு பொங்காத ஊர்

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலில் இட்லி மாவு லேசில் பொங்காது. அடுப்பங்கரையில் கம்பளி சுற்றி வைத்தாலும், பல நாள் வைத்தது வைத்தபடியே இருக்கும். மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வாக்கப்பட்டு வரும் பெண்களுக்கு முதல் திகைப்பு இதுதான். அடுத்தது பருப்பு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லையென்றால் பருப்பு வேகாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, தை மாதத்தில் சூரியன் தலைகாட்டவே ஆறரைக்கு மேலாகிவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையைப் பார்த்து ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று கத்தி என்ன ஆகப்போகிறது? கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் ஐந்து வயதுக்காரனுக்கு மணி தெரியாது. அம்மாவின் குரல் ஏறுவது மட்டும் தெரியும்.

எங்கள் தெருப் பாட்டி ஒருவர் பேரனின் சீருடையை ராத்திரியே அவன் போர்வைக்குள் வைத்துவிடுவார். காலையில் சட்டை வெதுவெதுப்பாக இருக்கும். போர்வையை விலக்காமலே மாட்டிவிடுவார். குளியல் சாயங்காலம், பள்ளி விட்டு வந்ததும். காலையில் முகம், கை, கால் மட்டும். ‘குளிக்காமலா அனுப்புறீங்க?’ என்று முகம் சுளிக்கிற உறவினர்கள் எல்லாம் கீழ்நாட்டுக்காரர்கள்.

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குக் காலை இன்னும் நெருக்கடி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. இதைச் சத்துக் கணக்கில்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் படுவது வேறு: ஒரு கையில் தட்டும் மறு கையில் ஷூவுமாகப் பிள்ளையைத் துரத்துகிற வேலை அந்த வீடுகளுக்கு மிச்சம். தனியார் பள்ளி வேனுக்கு ஓடுகிற வீடுகளில்தான் துரத்தல் இன்னும் நடக்கிறது.

தூக்கம் தனிக் கதை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் கணக்கு. சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விட்டுப் பிழைக்கும் வீடுகளில் அதற்கு வழியேது? முற்றத்தில் நெருப்பு மூட்டி நள்ளிரவு வரை பாட்டு. என் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு நெருப்பை அணைத்துவிடுகிறார். கோபத்தில் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. “போட்டா போடட்டும் சார், காலையில ஏழே முக்காலுக்குப் பாப்பாவுக்கு வேன்” என்கிறார்.