கிள்ளான் அத்தை

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நல்லாக் கீறியாப்பா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அது என் தாத்தாவின் பேச்சு. ஆம்பூர்ப் பக்கம் எங்கள் பிள்ளைகள் இப்போது 'கீறியா' என்று கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று நாங்களே திருத்திவிட்டோம். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, எழுபத்தேழு வயதுவரை இந்த மண்ணை மிதித்திராத அத்தை அதை அப்படியே வைத்திருந்தார். கூட வந்த பேத்தியோ அங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவள். 'பேருந்து', 'காலணி' என்று அச்சுப் பிசகாமல் பேசினாள். மகன், என் மச்சான், இருவருக்கும் நடுவில் ஒரு தமிழ் பேசினார்.

அத்தை என் தாத்தாவுடைய தம்பி மகள். சின்னத் தாத்தா 1937இல் கங்காணி பின்னால் போனவர். வடாற்காட்டிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு அப்படிப் போன குடும்பங்களுக்குக் கணக்கில்லை. அடுத்த ஆண்டே இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பார், அத்தையும் ஆம்பூர்க்காரியாக இருந்திருப்பார். ரயிலேறி மெட்ராஸ், அங்கிருந்து கப்பல், பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம், பிறகு சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டு. போரின்போது ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது எப்படியோ தப்பினார். ஊர் திரும்பவே இல்லை.

"பாலாத்த விட்டுட்டு பால் மரத்துக்கு வந்தேன்னு சொல்லிகினே இருப்பாரு எங்கப்பா," என்றார் அத்தை வண்டியில்.

ராணிப்பேட்டை தாண்டும்போது தோல் வாடை வந்தது. பேத்தி மூக்கைப் பொத்தினாள். அத்தை கண்ணாடியை இறக்கி இழுத்து மூச்சு விட்டார். "இது அது இல்லியே. எங்கப்பா ஆவாரம்பட்டை ஊறுற வாடைய அவ்ளோ ஆசையாச் சொல்லுவாரு."

சரியாகத்தான் சொன்னார். சின்னத் தாத்தா காட்டில் ஆவாரம்பட்டை உரித்துக் கட்டுக்கட்டாகத் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போட்டவர். அந்தக் காலத்தில் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறித்தான் தோல் பதமாகும். 1970களில் பாதி பதமிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முழுத்தோலும் ஷூவும் செய்தாக வேண்டும் என்றான பிறகு குரோம் பதனிடல் பரவியது. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு எப்போதும் உண்டு. அதைக் கழுவிவிட்ட தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம்தான் எங்கள் கதை.

வீட்டு வாசலில் அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினார். அத்தை வாங்கவில்லை. "எங்கப்பா சொன்ன கெணறு எங்க கீது? அந்தத் தண்ணி குடுங்க."

அத்தை தங்கிய பன்னிரண்டு நாளில் எனக்கு மிகக் கஷ்டமான நேரம் அதுதான். கிணறு இருக்கிறது. கொல்லையில், கருங்கல் கட்டோடு அப்படியே இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. பாத்திரம் கழுவுவதோடு சரி. துணி துவைத்தால்கூட சோப்பு நுரைக்காது. குடிக்க நாங்கள் கேன் தண்ணீர் வாங்கி எத்தனையோ வருஷமாயிற்று. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை நாட்டின் சட்டமென்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று உறுதி செய்தது எங்கள் பாலாற்றை வைத்துத்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் தாண்ட முடியாது. ஆனால் எங்கள் கிணற்றுக்கு நல்ல தண்ணீர் திரும்பவில்லை. அதே சமயம் என் மனைவி காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய் ஷூவுக்கு அப்பர் தைத்துத்தான் பெண்ணைப் படிக்க வைத்தாள். இரண்டையும் அத்தையிடம் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே வாளியை இறக்கச் சொன்னார். ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். துப்பவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். மீதியைக் காலில் ஊற்றிக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தேன். முப்பது வருஷம் விடியுமுன்னே எழுந்து, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மேட்டிலும் சரிவிலும் மரத்துக்கு மரம் நடந்த கால். இடது சுண்டுவிரல் மடங்கிப் பக்கத்து விரலுக்கு அடியில் போயிருந்தது. அளவில்லாத ரப்பர் பூட்ஸ் போட்டதால் வந்தது என்றார். செருப்பு தைத்துக் கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பஜாரில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் கைவேலையாகச் செருப்பு செய்கிறார். பழைய காலண்டர் அட்டையைத் தரையில் போட்டு, "ஏறி நில்லும்மா, ரெண்டு கால்லயும் பாரம் சமமா இருக்கணும்," என்றார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குதிகாலில் ஆரம்பித்து மெதுவாக வளைத்துக்கொண்டு வந்தார். சுண்டுவிரலுக்கு வந்ததும் பென்சில் நின்றது. விரலை லேசாக நிமிர்த்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். அத்தை இல்லை என்று தலையாட்டினார். கால் மேட்டில் டேப் சுற்றி அளவைக் கோட்டுக்கு உள்ளே குறித்துக்கொண்டார்.

மற்ற நாட்களெல்லாம் ஓடிவிட்டன. ஸ்ரீபுரம் பொற்கோயில், வேலூர்க் கோட்டை, ஜலகண்டேஸ்வரர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் கறியை வேகவிட்டு, சீரகச் சம்பாவை முக்கால் பதத்தில் வடித்துச் சேர்த்து, மூடிமேல் நெருப்பள்ளிப் போட்டு தம் வைத்தோம். அத்தைக்குப் பிடித்தது பிரியாணியைவிட அதற்குத் தொட்டுக்கொண்ட கத்திரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்தான். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வேலூரில் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்துக்கும் போனோம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. 1815இல் வெள்ளைக்காரர்கள் பிடித்து, மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பேத்தி பலகையை உரக்கப் படித்தாள். அத்தை கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஆற்றைப் பார்த்து, "மணலாத்தான் கீது," என்றார். 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியதைப் போனில் காட்டினேன். அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார்.

புறப்படும் நாள் காலையிலிருந்தே பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்தோம். வரும்போது அதில் மைலோவும் கோடாலித் தைலமும் இருந்தன. போகும்போது மிளகாய்த் தூள், புளி, மக்கன் பேடா. பொறந்த வூட்டுச் சீர் என்று அம்மா புடவை, மஞ்சள், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்தார். நான் செருப்பையும் எடுத்து வந்தேன்.

"செருப்பப் போயி சீர்ல வெப்பாங்களாடா?" அம்மா அதட்டினார்.

"இருக்கட்டும் அண்ணி," என்றார் அத்தை. "எங்கப்பா வெறுங்காலோட கப்பல் ஏறினவரு." அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்வரை எல்லார் கையிலும் ஒரு வெள்ளி நோட்டு வைத்தார். மலேசியப் பணத்தை அவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அம்மாவும் அத்தையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பார்த்துப் பன்னிரண்டு நாள்தான்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். அதற்குமேல் நாங்கள் போக முடியாது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போது, கால் வைக்கிற பலகையில் அந்தப் புதுச் செருப்பு கொஞ்ச தூரம்வரை தெரிந்தது.

மறுநாள் மதியம் கிள்ளானிலிருந்து போன். வந்து சேர்ந்தாச்சு, தூங்கி எழுந்தாச்சு. அப்புறம் தயங்கித் தயங்கி, "எடது கால்ல சுண்டுவெரல் கொஞ்சம் இறுக்குதுப்பா. வேற ஒண்ணும் இல்ல, நல்லாக் கீது," என்றார். சாயங்காலமே பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தக் காலண்டர் அட்டையைத் தேடி எடுத்து, சுண்டுவிரல் பக்கம் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டார்.