காத்திவாக்கம் கரையில் பார்த்த கணக்கு

சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூப் பச்சடியை நிவேதனம் செய்தபின், வீட்டுப் பெரியவர் ஒருவர் புதிய பஞ்சாங்கத்தைப் பிரித்துப் படிப்பது நம் குடும்பங்களின் வழக்கம். மழை எத்தனை மரக்கால், விளைச்சல் எப்படி என்று கேட்ட பிறகு, அவரவர் ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று அறிய எல்லோரும் சற்று முன்னால் நகர்ந்து அமர்வார்கள். எழுபது வயதைக் கடந்த எனக்கு, வரப்போகும் ஆதாய விரயத்தைக் காட்டிலும் வந்துபோனவற்றின் கணக்கே இப்போது பெரிதாகத் தோன்றுகிறது. இந்த ஆண்டு பங்குனியின் கடைசி வாரத்தில், அந்தக் கணக்கைச் சரிபார்க்க வடசென்னைக்குப் புறப்பட்டேன்.

திருவொற்றியூரை வணங்காமல் காத்திவாக்கம் செல்ல மனம் வரவில்லை. 2021-ஆம் ஆண்டு முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுவதால், முதியவர்களும் சிரமமின்றித் தேரடியில் இறங்கிக் கோயிலுக்கு நடந்துவிடலாம். ஆதிபுரீசுவரர் இங்கே புற்று வடிவில் எழுந்தருளியிருக்கிறார். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கும் பெருமானைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசமின்றித் தரிசிக்கலாம். வடிவுடையம்மன் சந்நிதியில் நின்றால் வள்ளலாரின் நினைவு வராமல் போகாது. அன்னையைப் போற்றி வடிவுடை மாணிக்க மாலை பாடியவர் அவர்.

கணக்குக்கும் இத்தலத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. ஊர்களுக்கெல்லாம் இறை விதித்து அரசன் அனுப்பிய ஓலையில், ஒற்றியூர் மட்டும் நீங்கலாக என்று வரிகளுக்கிடையே பெருமானே எழுதிவிட்டார் என்பது ஐதிகம். கலிய நாயனார் வாழ்ந்ததும் இவ்வூரில்தான். செக்குத் தொழிலில் செல்வராக இருந்தவர், திருவிளக்குப் பணியிலேயே பொருள் அனைத்தையும் செலவிட்டுக் கூலிக்குச் செக்காட்டும் நிலைக்கு இறங்கினார். அதுவும் கிட்டாதபோது எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தையே வார்க்கத் துணிந்தார். இறைவன் அவர் கையைப் பற்றித் தடுத்தாட்கொண்டான். உலகத்தார் கணக்கில் அவருடையது முழு நட்டம். ஒற்றியூரான் கணக்கில் அப்படி இல்லை.

ஆனால் அன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது மகிழ மரம்தான். சங்கிலி நாச்சியாரைப் பிரியேன் என்று சுந்தரர் மகிழின் அடியில் ஆணையிட்டார். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் அது நடந்தேறுகிறது. பிறகு இளவேனில் பிறந்தது, தென்றல் வீசியது, திருவாரூர் வசந்த விழாவின் நினைவு அவரை இழுத்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் மறைந்தன. பருவம் மாறியபோது சொன்ன சொல் தவறிய வரலாறு அது. என்னுடைய கதையும் அதுவே. அவர் தம்பிரான் தோழர். நான் ஒரு சாதாரண எழுத்தர் என்பதுதான் வேற்றுமை.

1984-ஆம் ஆண்டு, இந்தப் பகுதியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு பங்குனி மாதத்தில் கதவடைத்தது. காத்திவாக்கம் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே இயந்திரப் பிரிவில் இருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். சோற்றுப் பொட்டலத்தைப் பகிர்ந்து உண்ட நண்பர். சித்திரை முதல் நாள் இருவரும் இக்கோயிலுக்கு வந்தோம். மேற்கே வேறொரு நிறுவனத்தில் எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. "அங்கே உங்களுக்கும் சொல்லிவைத்துக் கடிதம் போடுகிறேன், அண்ணே" என்று அம்மன் சந்நிதியில் நின்று சொன்னேன். கடிதம் போடவில்லை. மறதியால் அன்று. அவர் தொழிற்சங்கத்தில் முன்நின்றவர். அவருக்காகப் பேசினால் என் மீதும் சந்தேகம் விழுமோ என்று அஞ்சினேன். பிறகு பதவி உயர்வு, சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று வாழ்க்கை ஏறிக்கொண்டே போனது. அத்தனையையும் ஆதாயத்திலேயே எழுதி வந்தேன்.

விம்கோ நகரில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிலையம் காத்திவாக்கம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலத்துண்டு. ஒரு காலத்தில் மீனும் உப்புமே இப்பக்கத்தின் தொழில். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்த வாகன நிறுவனம் எண்ணூரில் வளர்ந்தது. 1970-இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் ஓய்வு பெற்றது. தனி நகராட்சியாக இருந்த காத்திவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இந்த மண் பல ஏற்றங்களைக் கண்டிருக்கிறது. 2004-இன் ஆழிப்பேரலையையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகமெங்கும் படர்ந்த எண்ணெய்க் கசிவையும் கண்டிருக்கிறது. கரை அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் அலை மோதிக்கொண்டே இருந்தது.

குப்பத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். நண்பர் திண்ணையில் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். முடி முழுதும் வெளுத்திருந்தது; விரல்கள் மட்டும் அதே வேகத்தில் ஓடின.

"வாங்க சார்" என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல.

சித்திரை பிறந்த மறுநாளே, ஏப்ரல் 15 முதல், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்குவதற்காக 61 நாட்கள் அவை கடலுக்குப் போவதில்லை. அவருடைய மகன் காசிமேட்டு விசைப்படகில் தொழில் செய்கிறார். "ரெண்டு மாசம் வருமானம் இல்லையே, கஷ்டம்தானே?" என்றேன். "கஷ்டம்தான் சார். ஆனா அந்த ரெண்டு மாசம் உடலைன்னா வருசம் பூரா கடல்ல என்னா இருக்கும்?" என்றார்.

அதற்குமேல் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் வலையை மடியில் வைத்தார்.

"மூணு மாசம் தபால்காரரையே பாத்துகினு இருந்தேன் சார். அப்புறம் எங்கப்பாவோட கட்டுமரத்துல ஏறிட்டேன்."

"மறந்துபோகவில்லை அண்ணே. பயந்துவிட்டேன்."

"அது எனக்கு அப்பவே தெரியும். நீங்க வந்து சொல்லுவீங்களான்னுதான் தெரியல."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கும் தகுதியோடு போகவில்லை. அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். பழைய தோழர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பொழுது சாயும்வரை பேசினோம்.

எனக்கு ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று; மறு கண் இன்னும் காத்திருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் கற்கள் கிடந்த பாதையில் தடுமாறினேன். நண்பர் எழுந்து வந்து என் கையைத் தம் தோளின்மேல் எடுத்து வைத்துக்கொண்டார். ரயில் நிலையம் வரை அப்படியே நடந்தோம்.

வண்டியில் அமர்ந்ததும் திருவெண்பாக்கம் நினைவுக்கு வந்தது. இப்போது அந்த ஈசனைப் பூண்டியில் தரிசிக்கிறோம். கண்ணிழந்து தவித்த சுந்தரருக்கு அங்கே கிடைத்தது பார்வையன்று, ஓர் ஊன்றுகோல். இடக்கண் காஞ்சியில், வலக்கண் ஆரூரில். அருள் ஒரே நாளில் முழுதாக வந்துவிடவில்லை. இருளிலேயே அவர் நடந்து போனார், வழியெல்லாம் பாடிக்கொண்டே. முதலில் கோல் கொடுத்தது கருணைக் குறைவு என்றே இளமையில் நினைத்திருந்தேன். அன்று மாலை ஒரு தோளைப் பற்றி நடந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

வீடு திரும்பியபின் என் கணக்கை மறுபடி பார்த்தேன். பதவியும் வீடும் ஆதாயப் பக்கத்திலேயே இருக்கட்டும், அவை பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு எதிரே, எழுதாத அந்த ஒரு கடிதத்தையும் இப்போது எழுதிவைத்தேன். தொழிற்சாலை மூடியதை நெடுங்காலம் என் பெரிய விரயமாக எண்ணியிருந்தேன். உண்மையான விரயம் அதற்கு அடுத்த மாதத்தில் நிகழ்ந்தது.

வாசக அன்பர்களே, புத்தாண்டில் கோயிலுக்குப் போவோம், பஞ்சாங்கமும் கேட்போம். அதற்கு முன், நாம் வாக்களித்துவிட்டுத் தவறியவர் எவரேனும் எட்டும் தொலைவில் இருந்தால், ஒருமுறை அவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். மன்னிப்புக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போய் நிற்பது நம் கடன்.

சித்திரை முதல் நாள் ஒற்றியூருக்கு வருவதாக நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். "வந்தா பாக்கலாம் சார்" என்றார். காலை ஏழு மணிக்கெல்லாம் வடிவுடையம்மன் சந்நிதியில் இருக்க வேண்டும்.