அப்பாவோட மைக்ரோமீட்டர்

செமினார்ல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு திருதிருன்னு முழிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? நான் முழிச்சேன்!

டாபிக், 'லைகோ'. அமெரிக்காவுல 4 கிலோமீட்டர் நீளக் குழாய்கள், உள்ளே லேசர், தொங்கவிட்ட 40 கிலோ கண்ணாடிகள். ரெண்டு கருந்துளைகள் மோதின அதிர்வை 2015 செப்டம்பர் 14-ல பிடிச்சதே, அதேதான். கண்ணாடி நகர்ந்தது, புரோட்டானைவிட எத்தனையோ மடங்கு கம்மி.

வெளிச்சம்கிறது ஃபோட்டான் மழை. எங்க வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில தூறல் விழுந்தா டொப்... டொப்டொப்... ஒரு ஒழுங்கே இருக்காது. அந்த ஒழுங்கின்மைதான் குவாண்டம் இரைச்சல். அடைமழைன்னா சத்தம் சீராயிடும். இதை பந்தாவா சொல்லி முடிச்சேன்.

"அப்ப லேசர் பவரை ஏத்திட்டா வேலை முடிஞ்சுதே?"ன்னார் சார். "ஆமா சார்"னு சொல்லித் தொலைச்சேன். "அடுத்த வாரம் படிச்சிட்டு வாம்மா." இன்டர்னல் மார்க் போச்!

ஆவடியிலிருந்து ட்ரெயின்ல அம்பத்தூர் வந்து, மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல டர்னர். (கிளாஸ்ல யார் கேட்டாலும் 'கம்பெனியில இருக்கார்'னு மட்டும் சொல்லி வெச்சிருந்தேன்.) நான் புலம்பினதைக் கேட்டுட்டு, பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒரு பின்னை வெச்சு நேரடியா இறுக்கினார். ரீடிங் குறைஞ்சுது! அப்புறம் ராட்செட்டைத் திருகினார். டக், டக், டக்.

"இறுக்கினா அளவு மாறும்மா. அளக்குற கையும் ஜாப்பைத் தள்ளுதுல்ல? அதுக்குத்தான் ராட்செட்."

பளிச்னு விளங்கிடுச்சு. ஃபோட்டானும் கண்ணாடியைத் தள்ளும்! பவரை ஏத்தினா தூறல் சத்தம் அடங்கும். ஆனா ஒழுங்கில்லாத உதை கூடும். 40 கிலோ கண்ணாடியே அதுல ஆடுதுன்னு 2020-ல அளந்து காட்டினாங்க. எவ்வளவு? தசமப்புள்ளிக்கு அப்புறம் 19 சைபர் போட்டு ஒரு 1 மீட்டர்!

இதுக்கு லைகோ பயன்படுத்துற ராட்செட்தான் 'ஸ்க்வீஸ்டு லைட்'. பலூனை ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் புடைக்கும்ல? அந்த மாதிரி, ஃபோட்டான் வர்ற நேரத்துல இருக்குற குழப்பத்தைக் குறைச்சா, எண்ணிக்கையில குழப்பம் ஏறும். 1981-லயே கார்ல்டன் கேவ்ஸ் சொன்ன ஐடியா. 2019-ல லைகோவுல முழுநேர வேலைக்கு வந்துச்சு. ஆனா வேகமான அதிர்வுல தொல்லை தூறல், மெதுவான அதிர்வுல தொல்லை உதை. எந்தப் பக்கம் அமுக்க? 2023-ல 300 மீட்டர் குழாய் ஒண்ணைச் சேர்த்து, அந்தந்த அதிர்வுக்கு ஏத்த பக்கம் அமுக்க வெச்சுட்டாங்க. நம்மூர்லயும் மகாராஷ்டிராவோட ஹிங்கோலியில லைகோ கட்ட, அதே 2023-ல மத்திய அரசு 2,600 கோடி ரூபாய்க்கு ஓகே சொல்லியிருக்கு.

அடுத்த வாரம் மைக்ரோமீட்டரோட போய் நின்னேன். சார் ராட்செட்டை மூணு தடவை திருகிப் பார்த்தார்.

"லேப்ல எடுத்ததா?"

"இல்ல சார். எங்கப்பாவோடது. எஸ்டேட்ல டர்னரா இருக்கார்"னேன், கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்குற மாதிரி.